அமாவாசைக்கு நிரம்பும் பாய்லர்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களிடம் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, புளியமரம், வெள்ளைச் சேலை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் ஒன்று ஐம்பதுக்குத் தொடங்கி இரண்டு இருபதுக்கு முடிந்தது. மொத்தம் அரை மணி நேரம். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அதனால்தான் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன்.

என் பெயர் ரெத்தினம். தஞ்சாவூரில் இருக்கிறேன். இருபத்தேழு வருஷமாக அரிசி ஆலைகளில் பாய்லர் பழுது பார்ப்பதுதான் தொழில். சாமி கும்பிடுவேன், கறி தின்பேன், குடிப்பதில்லை. கடைசியாகச் சொன்னது முக்கியம். இதைக் கேட்டதும் என் மச்சான் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

போன வருஷம் கார்த்திகை மாதம், அமாவாசைக்கு முதல் நாள் சூர்யபிரகாஷ் போன் செய்தார். பாபநாசத்தைத் தாண்டி, குடமுருட்டிக் கரையில் ஒரு பழைய புழுங்கல் அரிசி ஆலை இருக்கிறது. அதன் முதலாளி. சிங்கப்பூரில் இருந்துவிட்டு, அப்பா இறந்த பிறகு ஆலையைப் பார்க்க வந்தவர். பாய்லரில் தண்ணீர் தானாக நிரம்பிவிடுகிறது என்றார்.

அந்த ஆலைக்கு அமாவாசை விடுமுறை. முதல் நாள் மாலையே நெருப்பை அவித்துவிடுவார்கள். அப்போது பாய்லரில் பாதித் தண்ணீர் இருக்கும். அமாவாசை கழிந்து மறுநாள் காலை பார்த்தால் உச்சிவரை நிரம்பி நிற்கிறதாம். முதல் தடவை கவனிக்காமல் நெருப்பு மூட்டிவிட்டார்கள். நீராவியோடு தண்ணீரும் அடித்துக்கொண்டு போய், நெல் அவிக்கும் தொட்டியில் இறங்கி, அந்தத் தடவை போட்ட நெல் முழுவதும் கூழாகிவிட்டது. மூன்று மாதமாக அமாவாசைக்கு அமாவாசை இதே கூத்து.

"சாமிதுரை வேலதாண்ணே இது. லீவன்னிக்கு வந்து தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் போயிடுறான். நீங்க வந்து பாத்து, மெஷின்ல கோளாறு இல்லன்னு எழுதி மட்டும் குடுங்க. அவன அனுப்பிடுறேன்" என்றார்.

சாமிதுரை அங்கே பாய்லருக்கு உமி தள்ளும் ஆள். அவர் சம்பளத்தில் இரண்டு வீடு சாப்பிடுகிறது. ஒன்று அவருடையது. இன்னொன்று அவருடைய தங்கை அம்சத்துடையது. அம்சத்தின் புருஷன் வீரையன் முன்பு அதே பாய்லரில் வேலை பார்த்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் குறைந்து, உள்ளே குழாய் வெடித்து, கொதிநீரும் நெருப்பும் முகத்தில் அடித்து, ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் செத்துப்போனார்.

அன்றைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்கும் எழுதிக் கொடுக்கத்தான் சொன்னார்கள். சூர்யபிரகாஷின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாலு வரி எழுதினேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை, வேலை ஆள் தூங்கிவிட்டார் என்று எழுதினேன். அதோடு எல்லாம் முடிந்தது. எனக்கு அந்த ஆலையிலிருந்து வேலை வருவதும் நிற்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

அமாவாசையன்று காலை பதினொன்று நாற்பதுக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே சாமிதுரை குடையில்லாமல் நின்றிருந்தார். உள்ளே விடக்கூடாது என்று முதலாளி உத்தரவு. என்னைப் பார்த்ததும் வண்டியருகே வந்தார்.

"நான் தொறக்கலண்ணே. அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் அப்துல் ஹமீது பாய் மட்டும்தான் இருந்தார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு கேட்டுக்கே திரும்பிவிட்டார். பாய்லர் இருக்கும் கட்டடம் ஆலைக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. அறுபது எழுபது வருஷத்துக் கட்டடம். ஓட்டுக் கூரை, கரி ஏறிய சுவர், ஒரே ஒரு கதவு. ஒரு மூலையில் உமி மலையாகக் கிடக்கும். உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்ட முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். கிளாஸ் என்போம். சரியாகப் பாதியில் நின்றது. பேனாவால் ஒரு கோடு போட்டேன். பாய்லரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

நிறுத்தி வைத்த பாய்லரில் தண்ணீர் நிரம்ப மூன்று வழிதான் உண்டு. பம்பு தானாக ஓட வேண்டும். அல்லது வால்வு கசிந்து, மேலே மச்சில் இருக்கும் தொட்டித் தண்ணீர் இறங்க வேண்டும். அல்லது பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதுவே தண்ணீரை இழுக்க வேண்டும். நாலாவது வழி கிடையாது. நான் இருபத்தேழு வருஷத்தில் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாக அடைத்தேன். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாய்லர் உச்சியில் இருக்கும் காற்றுக் குழாயைத் திறந்து விட்டேன். காற்று போய்வர வழி இருந்தால் வெற்றிடம் ஏது? பிறகு தண்ணீர் வரும் குழாயையே கழற்றினேன். பாய்லர் பக்கத்து வாயில் இரும்புத் தட்டு வைத்து நாலு போல்ட்டையும் இறுக்கினேன். கழற்றிய குழாயின் வாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். நீராவி போகும் வால்வும் கீழே கழிவு வால்வும் மூடியிருந்தன. பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்தப் பாய்லருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை.

கடைசியாக மிதவைப் பெட்டியைத் திறந்தேன். தண்ணீர் குறைந்தால் இதில் இருக்கும் மிதவை கீழே இறங்கும். உடனே சங்கு ஊதும், நெருப்புக்குப் போகும் காற்று நின்றுவிடும். ஆள் பிழைத்துக்கொள்வான். உப்புத் தண்ணீரில் அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். தண்ணீர் இருக்கும்போதே வேலையை நிறுத்திவிடும். வீரையன் காலத்தில் ஒரு சம்பா சீசனில் இப்படித்தான் ஒரே நாளில் ஆறு தடவை நின்றது. 'டைரக்டாக் குடுத்துடு ரெத்தினம், சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்' என்றார் பெரிய முதலாளி. நான் ஒரு முழ ஒயரை எடுத்து மிதவையைத் தாண்டிக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மிதவை இறங்கினாலும் சங்கு ஊதாது, எதுவும் நிற்காது. எல்லா ஆலையிலும் கட்டுவதுதான். சீசன் முடிந்தது. அவிழ்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கிளாஸின் கீழ் வாய் உப்பில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத பாய்லருக்குப் பாதித் தண்ணீர் காட்டிய அன்று சங்கு ஊதவில்லை.

விசாரணைக்கு ஆள் வருமுன் அந்த ஒயரை அவிழ்த்து எடுத்ததும் நான்தான். பெட்டிக்குள் திருகில் ஒரு துண்டு செம்புக்கம்பி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

ஒன்றேகாலுக்குச் சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம். உமிமேட்டில் சாய்ந்து உட்கார்ந்து கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒன்றும் நடக்காது, சாமிதுரைதான் திறக்கிறார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அப்படி இருந்தால் எனக்குச் சுலபம். இதையும் மறைக்க விரும்பவில்லை.

மணி ஒன்று ஐம்பது.

டொக்… டொக்… டொக்…

கண்ணாடியில் நகத்தால் தட்டும் சத்தம். பல்லி என்று நினைத்தேன். பாய்லர் ஆட்கள் கிளாஸை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர் அசைகிறதா என்று. எழுந்து போய்ப் பார்த்தேன். பல்லி இல்லை.

ஆனால் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

குனிந்து தட்டைப் பார்த்தேன். நாலு போல்ட்டும் இறுக்கமாக இருந்தன. வாளி காய்ந்து கிடந்தது. சட்டைப் பையைத் தொட்டேன். ஃபியூஸ் இருந்தது.

ஒன்று ஐம்பத்தெட்டு. மூன்று விரற்கடை.

ஒரு வாசனை வந்தது. புது வெள்ளம் வரும்போது ஆற்றில் அடிக்குமே, அந்தச் சேற்று வாசனை. அந்த ஆலையில் ஆற்றுத் தண்ணீரே கிடையாது. எல்லாம் போர்வெல்லின் உப்புத் தண்ணீர்.

இரண்டு மூன்றுக்கு அந்தச் சத்தம் தொடங்கியது.

மடக்… மடக்… மடக்…

பாய்லருக்குள்ளிருந்து. குழாயில் காற்று அடைத்தால் இப்படிச் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் குழாய்? எல்லாவற்றையும்தான் கழற்றிவிட்டேனே…

மடக்… மடக்… மடக்…

நிற்கும். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும்…

மடக்… மடக்…

இரண்டு எட்டு. தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்று கழிவு வால்வைத் திறந்தேன். கொட்டியது. கலங்கல் தண்ணீர். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. முழு வேகத்தில் கொட்டுகிறது. ஆனால் கிளாஸ் இறங்கவில்லை.

ஏறியது.

வால்வை மூடினேன்.

இரண்டு பன்னிரண்டு. மேலே திறந்து வைத்த காற்றுக் குழாயிலிருந்து… ஹா… என்று மூச்சு வந்தது. தண்ணீர் ஏறினால் காற்று வெளியேறத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். ஏணியில் ஏறிக் கையை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

இருபது மணி நேரமாக ஆறிக் கிடந்த பாய்லர்…

மடக்… மடக்… மடக்… மடக்…

இரண்டு பதினேழு. கிளாஸ் நிறைந்துவிட்டது. சத்தம் நின்றது.

ஏணியிலிருந்து இறங்க முடியவில்லை.

டொக்…

டொக்…

டொக்…

கிளாஸ் என் கண்ணுக்கு நேராகக் கீழே இருந்தது. அங்கே யாரும் இல்லை.

இரண்டு இருபது.

காற்றுக் குழாயில், என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்…

"வந்துட்டீங்களா…"

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன், கதவைத் தாண்டி எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது கேட்டில் பாய் சொல்லித்தான் தெரிந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். பாய்லர் விளிம்புவரை நிரம்பியிருந்தது. தட்டு அடைத்த வாயைச் சுற்றி ஈரமே இல்லை. பாய் என்னையும் பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அமாவாசையன்று மதியம் இந்தப் பக்கம் தான் வருவதில்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சூர்யபிரகாஷிடம் காகிதம் கொடுத்தேன். வால்வு கசிகிறது, புது வால்வு போட்டாகிவிட்டது, ஆள் மேல் தவறில்லை என்று எழுதினேன். வால்வு கசியவில்லை. நன்றாக இருந்த வால்வைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிது போட்டேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே, சரி, அவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பொய்தான். ஆனால் ஒரு குடும்பம் பிழைத்தது, பழைய பாவத்தில் பாதி கழிந்தது என்று நான் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இந்த நல்ல சேதியைப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போய் ஒரு கும்பிடு வாங்கிக்கொள்ள ஆசை. நாலு நாள் கழித்து சாமிதுரை வீட்டுக்குப் போனேன். நாலு வருஷமாக நான் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை.

வாசலில் அம்சம் நின்றிருந்தார். அவர் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. சாமிதுரை என் பெயரைச் சொல்லவில்லை. ஆலைக்கு வந்தவர், வேலை போகாதாம் என்று மட்டும் தங்கையிடம் சொன்னார். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆலைப் பேச்சு வந்ததும் வீரையன் பேச்சும் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாளும் வீரையன் கேட்டது ஒன்றே ஒன்றைத்தானாம். தண்ணீர். வெந்த உடம்புக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அம்சமும் நம்பினார். ஈரத்துணியால் உதட்டைக்கூடத் துடைக்கவில்லை. வீரையன் கெஞ்சியிருக்கிறார், திட்டியிருக்கிறார், சின்னப்பிள்ளை போல அழுதிருக்கிறார். கொடுக்கவில்லை. நாலாம் நாள் மதியம் இரண்டு இருபதுக்கு உயிர் போயிற்று.

அவர்கள் மகள் எழில்மொழி இப்போது நர்ஸ் படிப்பு படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், பேச்சுவாக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்திருக்கலாம், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டாள். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அதிலிருந்து அம்சம் ஒவ்வொரு அமாவாசைக்கும் மதியம் குடமுருட்டியில் இறங்குகிறார். ஒன்று ஐம்பதிலிருந்து அந்த இரண்டு இருபதுவரை, கை ஓய, குடம் குடமாக மொண்டு வீரையன் பெயரைச் சொல்லி ஊற்றுகிறார்.

"வயிறு நெறய குடிங்கன்னு சொல்லித்தாங்க ஊத்துறேன். வேற என்ன செய்யறது இனிமே" என்றார்.

முன்னால் சொம்பு இருந்தது. எடுக்க முடியவில்லை. கடைசியாக அவர் வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"மெக்கானிக்கு வருவாரு, வந்து சொல்லிடுவாருன்னாங்க. ஒயரு கட்டியிருந்தது அவருக்குத் தெரியுமாம். நான் தூங்கலன்னு அவரு சொல்லிட்டாப் போதும்னாங்க. மூணாம் நாளு, இவரு தூங்கிட்டாருன்னு அந்த மெக்கானிக்கே எழுதிக் குடுத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அதக் கேட்டதுலேர்ந்து தண்ணி கேக்கறத விட்டுட்டாங்க. ஆனா அவரு வருவாருன்றத மட்டும் விடலைங்க. வாசல்ல எந்தக் காலடி கேட்டாலும் 'வந்துட்டீங்களா'ம்பாங்க. உசிரு போறப்பவும் அதான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்த மெக்கானிக்க உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார் அம்சம்.

சாமிதுரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அன்று கேட்டுக்கு வெளியே நின்றபோதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"தெரியும்மா. பாத்தா சொல்றேன்" என்றேன்.

எழுந்து வந்து வண்டியை எடுத்தேன். அடுத்த அமாவாசைக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.